நான் வைத்த பெயர்

சிபானா கடைக்குள் வந்தபோது காலை பத்து மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெருவில் நின்ற தண்ணீரைத் தாண்டுவதற்காகச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். அபாயாவின் ஓரம் ஒரு சாண் உயரத்துக்கு நனைந்து சேறாகியிருந்தது.

என் கடை கல்முனைக்குக் கிட்ட, பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. கடிதம், விண்ணப்பம், கலியாண அழைப்பு, நோட்டீஸ் எல்லாம் தமிழில் டைப் அடித்து அச்செடுத்துக் கொடுப்பேன். போன கிழமைகளில் இந்தப் பத்தியில் இந்தக் கடையைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். எழுதாமல் ஒளித்து வைத்தது இந்த ஒரு காலையைத்தான்.

ஒரு ராஜினாமாக் கடிதம் அடிக்க வேண்டும் என்றாள் சிபானா. காரணம் என்ன போடுவது என்று கேட்டேன். தனிப்பட்ட காரணங்களால் என்று போடச் சொன்னாள்.

'தனிப்பட்ட' வரைக்கும் அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. நனைந்த துணியின் மணமும் சூடேறிய அச்சு மையின் மணமும் சேர்ந்து கடைக்குள் மூச்சு முட்டியது.

அவள் முன்பள்ளி டீச்சர். படித்து முடித்த காலத்திலிருந்து அதே பள்ளியில்தான் இருக்கிறாள். வருடக் கடைசியில் பிள்ளைகளின் கலைவிழா நிகழ்ச்சிநிரலை என்னிடம்தான் கொண்டுவருவாள். எந்தப் பிள்ளை முயல், எந்தப் பிள்ளை வண்ணத்துப்பூச்சி என்று வாசித்துக் காட்டிச் சிரிப்பாள். அந்த வேலையைத் தானாக விடுகிற பெண் இல்லை.

என்ன நடந்தது என்று நான் கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டேன். பதிலில் பாதி எனக்கு முன்னமே தெரியும்.

அதற்கு முதல் நாள் காலை, பள்ளி தொடங்குகிற நேரம். நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தண்ணீர்ப் போத்தலைத் திறக்க முடியாமல் சிபானாவிடம் ஓடி வந்திருக்கிறது. "நாத்தக்கான் டீச்சர், இதத் திறந்து தாங்க" என்றிருக்கிறது. வாசலில் பிள்ளைகளை விட வந்த உம்மாமார் சிரித்தார்களாம். ஒருத்தி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

"அந்தப் புள்ளைக்கி அது ஏச்சு எண்டு தெரியா ராத்தா. என்ட பேரே அதுதான் எண்டு நினைச்சிரிக்கி. ஆசையாத்தான் கூப்பிட்ட. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமப் போன."

அந்தப் பெயரை உண்டாக்கியவள் நான். அது அவளுக்குத் தெரியாது.

நஜீம் கொண்டுவந்த தாள்

உள்ளூர்ச் சபைத் தேர்தலுக்கு மூன்று கிழமை இருக்கையில் நஜீம் மச்சான் கடைக்கு வந்தார். என் கணவரின் மாமி மகன். ஒரு கட்சிக்காக ஊரெல்லாம் ஓடித் திரிகிறவர். கட்சிகளின் பெயர் இங்கே வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் கதை இதேதான்.

எதிர்க்கட்சி வேட்பாளரைப் பற்றி இரண்டு பக்கம் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அந்த வேட்பாளர் சிபானாவின் வாப்பா, லாபிர் ஓவசியர். பச்சோந்தி, பதவிப் பித்தன், சமூகத்தை விற்றவன் என்று இரண்டு பக்கமும் ஏச்சு. எழுத்துப் பிழையும் நிறைய.

நான் வேலையோடு வேலையாகச் சொன்னேன், இதெல்லாம் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற ஏச்சு, ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடுவார்கள் என்று. நஜீம் மச்சான் அப்படியென்றால் வேறு என்ன போடலாம் என்றார்.

மழைத்தண்ணீர் ஓடுகிற வடிகாலை எங்கள் பக்கத்தில் கான் என்போம். லாபிர் ஓவசியர் வாயைத் திறந்தால் கான்தான். எந்தக் கான் எங்கே அடைத்திருக்கிறது, எது எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று பிடித்தாரானால் விடமாட்டார். அந்த ஞாபகத்தில் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நாத்தக் கான் எண்டு போடுங்களன்."

நஜீம் மச்சான் மேசையில் அடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது மட்டுமில்லை. பெரிய எழுத்தில் போட்டேன். கொஞ்சம் சாய்த்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்று சாய்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிற ஒரு மனிதனின் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒருவரும் கேட்காமல் செய்த வேலை அது.

கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. உங்கள் ஆள் வென்றால் என்ன செய்வார் என்று இரண்டு வரி போடலாமே என்று கேட்டேன்.

"அத ஆரு மச்சி வாசிக்கிற? பேர் எண்டா சின்னப் புள்ளையும் சொல்லும்" என்றார்.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள். என் சொல் எங்கள் தெருவால் போனது. முன்வீட்டுப் பெண் கேட்டுவிட்டு வாசலில் நின்று சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுத இப்போது கூசுகிறது. ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

ஓவசியர்

லாபிர் ஓவசியர் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் வீதி, பாலம், வாய்க்கால் என்று வெயிலில் நின்றவர். பென்சன் எடுத்த பிறகும் வீட்டில் இருக்கவில்லை. அளவு நாடாவும் கொப்பியுமாகச் சந்து பொந்து விடாமல் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிவார். தண்ணீர் நிரப்பிய நீளமான ரப்பர் குழாயை வைத்து மட்டம் பார்ப்பார். ஒரு முனையைப் பிடிக்க ஆள் கிடைக்காவிட்டால் யாருடைய கேற்றிலாவது கட்டிவிட்டு மறு முனைக்கு நடப்பார்.

எங்கள் ஊர் ஒடுங்கலானது. கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை. சுனாமிக்குப் பிறகு நெருக்கமாக வீடு எழும்பியபோது பழைய கான்கள் பல மதிலுக்கடியில் போய்விட்டன. கடலுக்கு ஓடுகிற நீரோடையைத் தோணா என்போம். அதன் வாயையும் மணல் மூடிவிடும். மாரி வந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. வீட்டுக்குள் வரும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரே வேட்பாளர் அவர்தான். அவருடைய கட்சியாவது அதை மதித்ததா என்றால், இல்லை.

சந்தியில் அவர்களுடைய கூட்டம் அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. என் கடை வாசலில் நின்றால் மேடை தெரியும். ஓவசியர் கொப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினார். மைக்கை வாய்க்கு மிகக் கிட்டப் பிடித்திருந்தார். மூச்சுச் சத்தமெல்லாம் கேட்டது. தோணா வாயை மழைக்குப் பிறகு வெட்டுவதில் பிரயோசனமில்லை, முன்னம் வெட்ட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் "நாத்தக்கான்" என்றது. பிறகு நாலைந்து குரல். பிறகு அவருடைய ஆட்களே சிரித்தார்கள்.

அவருடைய கட்சி அமைப்பாளர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். நஜீம் மச்சானின் வேட்பாளர் கொந்தராத்து எடுத்துக் கட்டட வேலை செய்கிறவர். அவருக்கு 'கொந்தராத்துக் கொசு' என்று அந்த இடத்திலேயே ஒரு பெயரை வைத்தார். கூட்டம் கைதட்டியது. ஓவசியர் கொப்பியை மூடிக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார்.

அடுத்த நாள் கொந்தராத்துக் கொசு நோட்டீஸும் என்னிடம்தான் வந்தது. அதையும் அடித்துக் கொடுத்தேன். மிச்ச நாளெல்லாம் எங்கள் வட்டாரத்தில் கொசுவும் கானும் போட்டியிட்டன. நிஜமான கொசுவைப் பற்றியும் நிஜமான கானைப் பற்றியும் ஒருவரும் கதைக்கவில்லை.

கொசு வென்றது.

கரிக்கட்டியால் எழுதியது

எனக்குச் சொல்லின் பாரம் தெரியாது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. தெரிந்தவள்தான்.

நான் சிறுமியாக இருந்த காலத்தில், குழப்பமான வருடங்களில், எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் திருத்துகிற ஒருவர் இருந்தார். ஒருநாள் விடிந்து பார்க்கையில் அவருடைய மதிலில் கரிக்கட்டியால் 'துரோகி' என்று எழுதியிருந்தது. யார் எழுதியது, அவர் என்ன செய்தார், ஒன்றும் ஒருவருக்கும் தெரியாது. அந்த வீட்டு உம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கழுவிய இடம் மற்ற இடத்தைவிட வெள்ளையாகத் தெரிந்ததால் இன்னும் எடுப்பாகிவிட்டது. அடுத்த கிழமைக்குள் அந்தக் குடும்பம் பொத்துவிலுக்குப் போய்விட்டது. திரும்பி வரவில்லை.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை உரத்துச் சொல்லவும் பயந்தார்கள். வாப்பா கதவைச் சாத்திவிட்டுத்தான் அதைப் பற்றிக் கதைத்தார்.

வளர்ந்த பிறகு இன்னொன்று. நாட்டில் குண்டுகள் வெடித்து எல்லாரும் எங்கள் சமூகத்தைச் சந்தேகமாகப் பார்த்த நாட்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். பக்கத்து ஆசனத்திலிருந்து ஒருவர் என் அபாயாவைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எட்டு மணித்தியாலம் அந்தச் சொல்லோடு உட்கார்ந்து வந்தேன். இறங்கும்வரை கைப்பையைத் திறந்து தண்ணீர் குடிக்கவும் பயமாக இருந்தது.

அப்படிப்பட்ட நான்தான் சாய்த்து எழுதினால் நன்றாக இருக்கும் என்று சாய்த்து எழுதினேன்.

மாரி

தேர்தல் முடிந்து மாரி வந்தது. நாலாம் நாள் தெருவில் முழங்கால் தண்ணீர். என் கடையில் கீழ்த் தட்டிலிருந்த தாள்கள் ஊறிப் பெருத்துவிட்டன.

வென்ற உறுப்பினர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். பெண்கள் சிலர் சூழ்ந்துகொண்டு, இந்தக் கானை ஒருக்கால் வெட்டித் திறந்து விட்டால் என்ன என்று கேட்டார்கள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வேற என்னவும் கேளுங்க. கான் கதைய மட்டும் எடுக்காதீங்க. நான் கான் வெட்டப் போனா என்னையும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவானுகள்."

நான் கடைப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கால் குளிர்ந்தது. ஒரு மனிதரை ஏசியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஊரில் ஒருவரும் கான் என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாமல் போயிருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. நஜீம் மச்சான் தேத்தண்ணிக் கடையில், அந்தப் பேர் எங்கட மச்சிட மூளை என்று பெருமையாகச் சொல்லியிருப்பதாகக் காதில் விழுந்தது. கடைக்குள் யார் நுழைந்தாலும் முகத்தைப் பார்ப்பேன். இவருக்குத் தெரியுமா, இவளுக்குத் தெரியுமா என்று. ஓவசியர் தெருவால் வருவதைக் கண்டால் தாள் எடுக்கிறது போல உள்ளே போய்விடுவேன். அவர் முன்னைப் போல நாடாவோடு வருவதில்லை. தொழுகைக்குப் பள்ளிக்குப் போவார், வருவார்.

நான் பயந்துகொண்டிருந்தது அவர் வருவார் என்று. வந்தது அவருடைய மகள்.

அச்சில் கிடந்த கடிதம்

கடிதத்தை ஒருவழியாக அடித்து முடித்தேன். அச்செடுக்கக் கொடுத்தேன். தாள் சூடாக வெளியே வந்து தட்டில் விழுந்தது. எழுந்து எடுத்துக் கொடுத்திருந்தால் அவள் போயிருப்பாள். எனக்கு எழும்ப முடியவில்லை.

"சிபானா, அந்தப் பேர் நான் வெச்ச" என்றேன்.

அவள் விளங்காதவளாகப் பார்த்தாள். நஜீம் மச்சான் வந்தது, நான் சொன்னது, படம் தேடி வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது கண்ணைக் கம்பியூட்டர் திரையில் வைத்திருந்தேன். அவளுடைய கடிதம் இன்னும் அதில் இருந்தது.

ஏன் செய்தீங்க என்று கேட்டாள். அவளுடைய வாப்பாவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தக் கட்சியும் என் கட்சி இல்லை. சும்மா சிரிக்கிறதுக்கு என்றேன்.

"நீங்க சிரிச்சீங்களா?"

"ஓம்."

அவள் செருப்பை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். கடிதத்தை எடுக்கவில்லை. பிறகு கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

கணவர் கட்டாரில் இருக்கிறார். அன்று மத்தியானம் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட குரல் செய்தி ஒன்று அனுப்பினார். சொன்னதைச் சொல்லியாயிற்று, இனி அந்தப் பக்கம் போக வேண்டாம், ஊரில் மகளோடு தனியாக இருக்கிற பெண், இரண்டு கட்சிக்காரனும் பகையானால் கடையை மூட வேண்டியதுதான் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் அதே பயம்தான்.

மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டு ஓவசியர் வீட்டுக்கு நடந்தேன்.

வாசிக்கச் சொன்னார்

ஓவசியர் முன்வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மகள் ஏற்கனவே சொல்லியிருந்தாள். என்னைக் கண்டதும் இருங்க என்றார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் வந்தது தெரிந்ததும் அந்தச் சத்தம் நின்றது.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"என்ன ஏசினதுக்கு நான் மாப் பண்ணுவன் புள்ள. நான் வயசாளி. என்ட மகள்ட வேல போனதுக்கு நான் மாப் பண்ண ஏலா. அவதான் பண்ணணும்."

நான் எழும்பப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்டு கேக்கன். அந்தப் பேர எழுதக்குள்ள, நான் என்ன செய்யப் போறன் எண்டு எழுதி வெச்சிருந்தத நீங்க வாசிச்சீங்களா?"

இல்லை என்றேன்.

"ஒருவரும் வாசிக்கல்ல. என்ட கட்சிக்காரனும் வாசிக்கல்ல" என்றார். எழுந்து உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டுவந்தார். "வாசிங்க. மறுகா வந்து பிழையச் சொல்லுங்க."

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்துப் போனது ஏச்சு. கிடைத்தது வாசிக்கிற வேலை.

கொப்பியின் பக்கமெல்லாம் பென்சில் கோடு. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு படம், எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் மேடு என்று அம்புக்குறி. எந்தக் கான் எந்த மதிலுக்கடியில் போகிறது, யாரிடம் கேட்டு எப்படித் திறக்கலாம், எந்த மாதத்தில் தோணா வாயை வெட்ட வேண்டும், பிறகு யார் துப்பரவு செய்வது. கஷ்டமான சொல் ஒன்றும் இல்லை. எங்கள் தெருப் படத்தில் ஓரிடத்தில் பெருக்கல் அடையாளம் போட்டு 'டைப்செட்டிங் கடைப் படிக்கட்டு, கானுக்கு மேல் கட்டியது' என்று எழுதியிருந்தார்.

என் படிக்கட்டு. தண்ணீர் நின்று என் தாளை ஊற வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நான் போய்க் குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

முழுவதையும் டைப் அடித்தேன். பன்னிரண்டு பக்கம் வந்தது. படங்களை அப்படியே ஸ்கேன் பண்ணி வைத்தேன். ஓவசியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு இடத்தில் அளவு பிழை என்று திருத்தினார். சிபானா அன்று வெளியே வரவில்லை. இன்றுவரை அவள் என்னோடு கதைக்கவில்லை. இப்போது மருதமுனையில் ஒரு முன்பள்ளிக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறாள். என் கடை இருக்கிற தெருவால் போவதில்லை, சுற்றித்தான் போகிறாள்.

மண்டபத்தில்

கொஞ்ச நாளில் வட்டார மக்களைப் பாடசாலை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த வருடத்துக்கு என்ன வேலை வேண்டும் என்று சபைக்குச் சொல்வதற்கான கூட்டம். நான் போனேன். பன்னிரண்டு பக்கமும் ஒரு கடித உறையில் இருந்தது. பிடித்த இடமெல்லாம் உறை வியர்வையில் ஈரமாகிவிட்டது.

மேடையில் உறுப்பினர். பின்வரிசையில் நஜீம் மச்சானும் ஆட்களும். மறுபக்கம் ஓவசியரின் கட்சிக்காரர்கள். ஓவசியர் வரவில்லை. தன்னைக் கண்டால் அந்தப் பெயர்தான் ஞாபகம் வரும், தாளை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் அரை மணித்தியாலம் இரண்டு பக்கமும் ஏசிக்கொண்டார்கள். எப்போது எழும்புவது என்று தெரியாமல் இருந்தேன். என் கணவரின் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. கடையை மூட வேண்டிவரும், கடையை மூட வேண்டிவரும்.

எழும்பினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழும்பியதால் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

"நாத்தக் கான் எண்டு பேர் வெச்ச ஆள் நான்தான். ஓவசியர் எழுதின திட்டத்த வாசிக்காமத்தான் வெச்ச. இப்ப வாசிச்சிட்டன். உங்களுக்கும் வாசிக்கப் போறன்."

மண்டபத்தில் கலகலவென்று சிரிப்பு. நஜீம் மச்சான் எழுந்து நின்று, இது வீட்டு விசயம், வெளியே கதைப்போம் என்றார். நான் முதல் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன். பின்னாலிருந்து யாரோ "கான் ராணி" என்று கூப்பிட்டார்கள். எனக்கும் பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் என் மகளின் பள்ளிக்கூடம் வரைக்கும் போகுமோ என்ற நினைப்பில் வரி தவறியது. விரலை வைத்துத் திரும்ப வாசித்தேன்.

என் படிக்கட்டை நானே உடைக்கச் சம்மதம் என்று சொன்னபோது சிரிப்பு இன்னும் கூடியது. மூன்றாம் பக்கம் வந்தபோது உறுப்பினர் மேடையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதான், உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது முன்வரிசையில் இருந்த றஹ்மத்தும்மா கையை உயர்த்தினார். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிறவர். எந்தக் கட்சிக் கூட்டத்திலும் நான் அவரைக் கண்டதில்லை.

"அந்தக் கான் எங்கட ஒழுங்கையாலயா போற?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

அவர் எழுந்து வந்தார். அந்த ஒழுங்கையின் படத்தை எடுத்து அவருக்கு முன்னால் விரித்தேன். பின்னால் சிரிப்பு நிற்கவில்லை. அவர் அதைக் காதில் வாங்கவுமில்லை. விரலை வைத்துக் கோட்டின் மேலால் மெல்ல மெல்லக் கொண்டுபோனார். ஒரு வீட்டுச் சதுரத்தில் விரல் நின்றது.

"இது என்ட ஊடா?"

"ஓம்."

"அப்ப இவடத்த ரெண்டடி தள்ளி வெட்டச் சொல்லுங்க. என்ட முருங்க நிக்கிது."

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்த இடத்தில் 'முருங்கை' என்று எழுதினேன். அதற்குள் றஹ்மத்தும்மாவுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்று, தன் வீடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டாள்.